கிர்க்ஸ்வில்லா, ஈஸ்ட் லான்சிங்கா: இரண்டு ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளுக்கிடையே ஒரு தேர்வு

என் அக்கா மகளுக்கு இரண்டு ஆஸ்டியோபதி (வழக்கமான மருத்துவத்தோடு, உடலைக் கையால் தொட்டறிந்து சிகிச்சை செய்வதையும் கற்பிக்கும் மரபு) மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்று மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில், ஏ.டி. ஸ்டில் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் கல்லூரி. மற்றொன்று ஈஸ்ட் லான்சிங் ஊரில், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி. அவள் மிச்சிகனிலேயே பிறந்து வளர்ந்தவள். நான் மதுரை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து, அமெரிக்கா வந்து பொது மருத்துவத்தில் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் துறைப் பயிற்சி) செய்து, இப்போது டெட்ராய்ட்டின் புறநகர் மருத்துவமனை ஒன்றில் உள்நோயாளிகளைப் பார்க்கிறேன். அமெரிக்காவில் நம் எம்.பி.பி.எஸ். போன்ற முதல் மருத்துவப் பட்டமான எம்.டி. படிப்பவர்களும், ஆஸ்டியோபதிக் கல்லூரிகள் தரும் டி.ஓ. பட்டம் படிப்பவர்களுமாக மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஆண்டு முழுவதும் என் வார்டுக்கு வந்துபோகிறார்கள். அதனால்தான் "மாமா, நீங்களே சொல்லுங்க, எங்கே சேரட்டும்?" என்ற கேள்வி என்னிடம் வந்தது. அவளிடம் சொன்னதையும், அவளோடு சேர்ந்து விசாரித்துத் தெரிந்துகொண்டதையும், இதே நிலையில் இருக்கும் மற்ற குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் டி.ஓ. பட்டம் பெற்றவர் முழு உரிமம் பெற்ற மருத்துவர். மருந்து எழுதுவார், அறுவை சிகிச்சை செய்வார், எம்.டி.க்கு உள்ள அத்தனை சிறப்புத் துறைகளிலும் பயிற்சி பெறலாம். இன்று அந்நாட்டு மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளில்தான் படிக்கிறார். இந்த நிலை எளிதில் வந்துவிடவில்லை. 1864-இல் மூளைக்காய்ச்சலுக்குத் தன் பிள்ளைகள் மூவரைப் பறிகொடுத்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர், அக்கால மருந்துகளின் மீது நம்பிக்கையிழந்து, எலும்பும் தசையும் நரம்பும் சேர்ந்த உடலமைப்பிலேயே நோய்க்கும் குணத்துக்கும் காரணம் தேடத் தொடங்கினார். 1892-இல் கிர்க்ஸ்வில்லில் தன் பள்ளியைத் திறந்தார்; முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டார். பிறகு பல பத்தாண்டுகள் இந்த மருத்துவர்களை எம்.டி. உலகம் ஒதுக்கியே வைத்தது. 1960-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் 65 டாலர் கட்டணத்துக்கு டி.ஓ. பட்டத்தை எம்.டி.யாக மாற்றிக்கொடுத்து, அங்கிருந்த ஆஸ்டியோபதிக் கல்லூரியையே எம்.டி. கல்லூரியாக்கினார்கள். இந்த மரபே மறைந்துவிடுமோ என்ற அச்சத்தையும் தாண்டி அது நிலைத்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டு முதல் எம்.டி., டி.ஓ. இருவருக்கும் ரெசிடென்சிப் பயிற்சிக்கான அங்கீகார அமைப்பு ஒன்றே. ஆகவே டி.ஓ. படிக்கலாமா என்பதில் எங்கள் வீட்டில் விவாதம் எழவில்லை. எந்தக் கல்லூரி என்பதுதான் கேள்வி.

இரண்டுமே பெயர் பெற்ற கல்லூரிகள் என்பது அவளுடைய நல்வாய்ப்பு. கிர்க்ஸ்வில் இந்த மருத்துவ மரபின் பிறந்த வீடு. மக்கள்தொகை 20,000-ஐத் தொடாத சிற்றூர். கொலம்பியா நகரிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் காரில் போக வேண்டும். கல்லூரியிலுள்ள அருங்காட்சியகத்தில் ஸ்டில் பிறந்த மரக்குடிலையும் அவர் முதலில் பாடம் நடத்திய சிறிய பள்ளிக்கூடத்தையும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மிச்சிகன் கல்லூரியின் வரலாறு வேறு வகையானது. 1969-இல் பான்டியாக் நகரில் தொடங்கப்பட்டு, 1971-இல் ஈஸ்ட் லான்சிங்குக்கு வந்தது. ஒரு பெரிய பொதுப் பல்கலைக்கழகத்துக்குள் அமைந்த முதல் ஆஸ்டியோபதிக் கல்லூரி அதுதான். அதே பல்கலைக்கழகத்தில் எம்.டி. கல்லூரியும் உண்டு, கால்நடை மருத்துவக் கல்லூரியும் உண்டு. 2009 முதல் டெட்ராய்ட்டிலும் மக்கோம்ப் வட்டாரத்திலும் கூடுதல் வளாகங்களை நடத்துகிறார்கள்.

அக்காவுக்கு இந்த விவரங்களெல்லாம் பொருட்டாகப் படவில்லை. "எது பெரிய காலேஜு, எதுல படிச்சா வேலை கிடைக்கும்?" என்பதுதான் அவள் கேள்வி. அத்தானோ இரு கல்லூரிகளின் உடற்கூறு ஆய்வகப் படங்களையும் விடுதிப் படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டில் வளர்ந்த நமக்கு இது இயல்பு. மதுரையில் நான் படித்தபோது, எந்த மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கப் போகிறேன் என்ற கேள்வியே எனக்கு எழுந்ததில்லை. கல்லூரியில் சேர்ந்தாலே இராஜாஜி மருத்துவமனை கிடைத்துவிடும். அரசு மருத்துவக் கல்லூரி என்றால் அதனோடு பல நூறு படுக்கைகளும், ஒவ்வொரு துறைக்கும் பேராசிரியரும், முதுநிலை மாணவர்களும், விடியற்காலையிலிருந்தே வரிசையில் நிற்கும் புறநோயாளிகளும் சேர்ந்தே வருவார்கள். கல்லூரி வேறு, மருத்துவமனை வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை.

அமெரிக்காவின் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளில் பெரும்பாலானவை அப்படி அமைந்தவை அல்ல. முதல் இரண்டு ஆண்டுகள் வகுப்பும் ஆய்வகமும் கல்லூரி வளாகத்தில் நடக்கும். மூன்றாம், நான்காம் ஆண்டுகளில், கல்லூரியோடு ஒப்பந்தம் செய்துகொண்ட மருத்துவமனைகளுக்கும் தனி மருத்துவர்களின் கிளினிக்குகளுக்கும் மாணவர்களைப் பிரித்து அனுப்பிவிடுவார்கள். அந்த இடங்கள் அடுத்த தெருவிலும் இருக்கலாம், நான்கு மாநிலங்கள் தாண்டியும் இருக்கலாம். எந்த இடம் யாருக்கு என்பதைச் சில கல்லூரிகள் குலுக்கல் போட்டுத் தீர்மானிக்கின்றன. சில கல்லூரிகள் மாணவர்களின் விருப்ப வரிசையைக் கேட்கின்றன. இன்னும் சில, நான்காம் ஆண்டுப் பயிற்சியிடங்களை மாணவரே தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகின்றன. நான் அக்கா மகளிடம் வலியுறுத்திச் சொன்னது இதைத்தான்: முதல் இரண்டு ஆண்டுகளை எந்த ஊரில் கழிப்பாய் என்பதை வைத்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதே. மூன்றாம் ஆண்டு தொடங்கும் அந்த ஜூலை மாதக் காலையில் எந்த வார்டில் நிற்பாய், உனக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பவர் யார் என்பதை வைத்துத் தேர்ந்தெடு.

நான் ஏன் இதில் இவ்வளவு அழுத்தமாக இருக்கிறேன் என்பதற்கு என் வார்டில் நாள்தோறும் பார்ப்பதே காரணம். இதயச் செயலிழப்பில் அனுமதிக்கப்பட்ட ஒரு முதியவரை மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் ஒப்படைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரவுண்ட்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்பே அவள் போய், கட்டிலின் தலைப்பக்கத்தைப் பாதி உயர்த்தி, கழுத்துச் சிரையின் துடிப்பு மார்பெலும்புக்கு மேல் எவ்வளவு உயரம் வரை தெரிகிறது என்று பார்க்கிறாள். முன்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்து, குழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிக்கிறாள். இரவுச் செவிலியரிடம் எடையையும் சிறுநீரின் அளவையும் கேட்டுக் குறித்துக்கொள்கிறாள். பிறகு எங்கள் முன் நின்று, உடலில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்தின் அளவை ஏன் கூட்ட வேண்டும் என்று வாதிடுகிறாள். உடனே இரண்டாம் ஆண்டு ரெசிடென்ட் குறுக்கிட்டு, "கிரியாட்டினின் ஏறியிருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறாய்?" என்கிறார். சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டும் இரத்தப் பரிசோதனை எண் அது. அவள் திணறுகிறாள். அந்தத் திணறலிலிருந்து, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள உறவை அவள் வாழ்நாளுக்கும் மறக்காதபடி கற்றுக்கொள்கிறாள். அடுத்த நாள் யாரும் கேட்பதற்கு முன்பே அவளே அந்த எண்ணைச் சொல்லிவிடுவாள்.

இதே மாதத்தை வேறொரு மாணவர், ஒரு மருத்துவரின் கிளினிக்கில் அவருக்குப் பின்னால் நின்றபடியே கழித்திருப்பார். ரெசிடென்டுகள் இல்லை, ரவுண்ட்ஸ் இல்லை, குறிப்பெழுதக் கணினியில் அனுமதியும் இல்லை. நல்ல மனமுள்ள மருத்துவர்தான். ஆனால் கால் மணி நேரத்துக்கு ஒரு நோயாளி காத்திருக்கும்போது சொல்லிக்கொடுக்க அவருக்கு நேரம் ஏது? ஒரே மருத்துவரிடம் தனியாகப் பயின்று, கையைப் பிடித்துக் கற்றுக்கொடுக்கப்பட்டு, அருமையாகத் தேர்ந்துவந்தவர்களையும் எனக்குத் தெரியும். ஆகவே கிளினிக் பயிற்சியே மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, குழந்தைகள் நலம், மகப்பேறு என்ற முதன்மைப் பயிற்சிகள் எதிலும் ரெசிடென்டுகளோடு வேலை செய்யாமலேயே ஒருவர் வந்தால், ரெசிடென்சியின் முதல் மாதத்தில் அது வெளியே தெரிந்துவிடுகிறது. அவருடைய அறிவில் குறையிருக்காது. குழுவில் எப்படி இயங்குவது, இரவுப் பணிக்கு வருபவரிடம் நோயாளிகளை எப்படி ஒப்படைப்பது, எந்த நிமிடத்தில் மூத்தவரை அழைப்பது என்பனவற்றை அவர் அப்போதுதான் முதன்முதலாகக் கற்கத் தொடங்குகிறார்.

எனவே அவளைக் கல்லூரி அலுவலகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், இரு கல்லூரிகளின் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களிடமே நேரடியாகப் பேசச் சொன்னேன். எதைக் கேட்க வேண்டும் என்றும் சொன்னேன். உன் பொது மருத்துவப் பயிற்சி எந்த மருத்துவமனையில் நடந்தது? அங்கே ரெசிடென்டுகள் இருந்தார்களா? ஒரு நாளில் எத்தனை நோயாளிகளை நீ பார்த்தாய்? பயிற்சிக்காலத்தில் எத்தனை முறை வீடு மாற வேண்டியிருந்தது? மருத்துவமனை ஒன்று ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டால் கல்லூரி என்ன செய்தது? இந்தக் கடைசிக் கேள்வியைப் பெற்றோர்கள் யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் மருத்துவமனைகள் விற்கப்படுவதும், மகப்பேற்றுப் பிரிவுகள் மூடப்படுவதும் வாடிக்கையாகிவிட்ட காலம் இது. அப்படி நேரும்போது மாணவருக்கு மாற்று இடம் தேடித் தரும் பொறுப்பைக் கல்லூரி ஏற்கிறதா, மாணவரின் தலையில் கட்டுகிறதா என்பது பெரிய வேறுபாடு.

கிர்க்ஸ்வில் கல்லூரி தன் மாணவர்களை மிசௌரியிலும் வேறு பல மாநிலங்களிலும் உள்ள பயிற்சி வட்டாரங்களுக்கு அனுப்புகிறது. நூறாண்டுக்கும் மேலான கல்லூரி என்பதால், அதன் பழைய மாணவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இன்றைய மாணவர்களுக்கு மனமுவந்து கற்றுக்கொடுக்கிறார்கள். மிச்சிகன் கல்லூரியோ தன் மாணவர்களை மிச்சிகனுக்குள்ளேயே, பல ஆண்டுகளாக ரெசிடென்சி நடத்திவரும் மருத்துவமனைகளோடு இணைத்துவைக்கிறது. இந்த மாநிலத்தில் ஆஸ்டியோபதி மருத்துவமனைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஃபார்மிங்டன் ஹில்ஸில் பாட்ஸ்ஃபோர்டு என்ற பெயரில் இயங்கிய மருத்துவமனை டி.ஓ.க்கள் கட்டி வளர்த்தது. பெயர்களும் உரிமையாளர்களும் மாறிவிட்டாலும், அத்தகைய இடங்களில் மாணவருக்குக் கற்பிப்பது அன்றாட வேலையாகவே இருந்துவருகிறது. அவள் விசாரித்தவரையில், இரு கல்லூரி மாணவர்களும் தங்கள் பயிற்சியைக் குறை சொல்லவில்லை. ஆனால் மிச்சிகன் மாணவர்களால் எந்த மருத்துவமனை, எந்தக் குழு, எத்தனை நோயாளிகள் என்று மளமளவென்று சொல்ல முடிந்தது. கிர்க்ஸ்வில் மாணவர்கள் சொன்னது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுபட்டது. அவளுக்கு எந்த வட்டாரம் அமையும் என்பதைச் சேரும் முன்பே அறிய வழியில்லை.

அடுத்து எண்கள். ஆஸ்டியோபதிக் கல்லூரிகளை அங்கீகரிக்கும் அமைப்பு, ஒவ்வொரு கல்லூரியும் உரிமத் தேர்வில் தன் மாணவர்களின் தேர்ச்சி விகிதத்தையும் ரெசிடென்சியில் சேர்ந்தவர்களின் விகிதத்தையும் வெளியிட வேண்டும் என்று விதித்திருக்கிறது. அவற்றைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் 98, 99 சதவீதம் என்ற எண்ணைக் கண்டதும் நின்றுவிடக் கூடாது. நான்காம் ஆண்டின் இறுதியை எட்டியவர்களைக் கொண்டே ரெசிடென்சியில் சேர்ந்தவர்களின் விகிதத்தைக் கணக்கிடுகிறார்கள். முதலாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கே ஆண்டுகளில் முடித்தார்கள், எத்தனை பேர் ஓராண்டைத் திரும்பப் படித்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அதற்குப் பொருளுண்டு. மாணவர்களுக்கு ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் தேசிய முறைக்கு மேட்ச் என்று பெயர். அதில் யாருக்கு எந்த இடம் கிடைத்தது என்ற பட்டியலிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முழுப் பயிற்சி இடமும் ஓராண்டு மட்டுமே நீடிக்கும் தற்காலிக இடமும் அதில் அடுத்தடுத்த வரிகளில் ஒரே மாதிரி அச்சாகியிருக்கும். ஓராண்டு இடம் பெற்றவருக்கு அதன் பிறகு சேர வேண்டிய துறையும் உறுதியாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாடு முழுவதிலும் டி.ஓ. இறுதியாண்டு மாணவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மேட்சில் இடம் பெறுகிறார்கள். அந்த நிம்மதி உண்மையானது. அதே வேளையில் தோல் மருத்துவம், நரம்பியல் அறுவை சிகிச்சை போன்ற துறைகளில் டி.ஓ.க்களின் எண்ணிக்கை இன்றும் குறைவு. அந்தத் துறைகளில்தான் நாட்டம் என்றால், கல்லூரியோடு இணைந்த மருத்துவமனையில் அந்தத் துறையும் ரெசிடென்சியும் இருக்கின்றனவா, பரிந்துரைக் கடிதம் எழுத அங்கே ஆளுண்டா என்று பார்ப்பது இன்றியமையாதது. அவளுக்குக் குழந்தைகள் நலத்தில்தான் நாட்டம். ஆகவே இதில் நாங்கள் அதிக நேரம் செலவிடவில்லை.

தேர்வுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டி.ஓ. மாணவர்கள் கட்டாயம் எழுத வேண்டியது காம்லெக்ஸ் என்ற உரிமத் தேர்வு. எம்.டி. மாணவர்கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வையும் சேர்த்து எழுதும் டி.ஓ. மாணவர்கள் ஏராளம். இரண்டின் முதற்கட்டமும் 2022 முதல் தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே அறிவிக்கப்படுகின்றன. மதிப்பெண்ணின் எடை முழுவதும் இரண்டாம் கட்டத்துக்குப் போய்விட்டது. இரண்டு தேர்வுகளையும் எழுதினால் கட்டணம் இரட்டிப்பு, உழைப்பும் அதிகம். கல்லூரி இதற்குப் படிப்பு விடுமுறை எவ்வளவு தருகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கையால் தொட்டறிந்து, கையாலேயே சிகிச்சை செய்யும் பயிற்சியைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன். டி.ஓ. மாணவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 200 மணி நேரம் இதற்கென ஒதுக்குகிறார்கள். திசுவின் இறுக்கம், இரு பக்கங்களுக்கும் உள்ள வேறுபாடு, அசைவில் தடை, தொட்டால் வலி ஆகிய நான்கையும் விரல் நுனியால் தேடக் கற்கிறார்கள். இடுப்புவலிக்கு இந்தச் சிகிச்சை உதவுகிறது என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் உண்டு. மண்டையோட்டு எலும்புகளின் நுண்ணசைவு பற்றிய பாடத்துக்கு நம்பத்தக்க சான்று இல்லை என்பதே என் கருத்து. ஆனால் என் வார்டுக்கு வரும் டி.ஓ. மாணவர்களிடம் ஒரு நல்ல பழக்கத்தைத் தொடர்ந்து பார்க்கிறேன். நெஞ்சுவலி என்று வந்தவரின் விலா எலும்புச் சந்திப்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க அவர்கள் தயங்குவதில்லை. ஸ்கேன் எடுக்க எழுதிவிட்டுத் தொடாமலேயே நகரும் மருத்துவர்கள் பெருகிவிட்ட இந்நாளில், இது மதிக்கத்தக்க பயிற்சி. இந்த மரபில் ஆழ்ந்து ஊற விரும்புகிறவருக்குக் கிர்க்ஸ்வில்லைவிடச் சிறந்த இடம் இருக்க முடியாது. அவளுக்கு அந்த ஈர்ப்பு உண்மையிலேயே இருந்தது. கிர்க்ஸ்வில்லின் பக்கம் அவளை இழுத்த காரணங்களில் இதுதான் வலுவானது; இதை நான் குறைத்துப் பேசவில்லை.

கடைசியில் தராசைச் சாய்த்ததில் பணத்துக்கும் பங்குண்டு. பழைய விதிப்படி மருத்துவ மாணவர்களால், கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் சேர்த்து, முழுத் தொகையையும் மத்திய அரசுக் கடனாகவே வாங்க முடிந்தது. 2025-இல் நிறைவேறிய சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அந்த வழி அடைபடுகிறது. மருத்துவ மாணவர் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தமாக 2,00,000 டாலர் வரைதான் அரசுக் கடன் பெற முடியும். கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் பல. மீதியைத் தனியார் வங்கிக் கடனால் அடைக்க வேண்டும். அதற்குப் பெற்றோரோ உறவினரோ ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். வருமானத்துக்கேற்பத் தவணையைக் குறைக்கும் அரசுத் திட்டங்களும், இலாப நோக்கற்ற மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே 120 தவணைகள் கட்டினால் மிச்சக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டமும் அரசுக் கடனுக்கு மட்டுமே உண்டு. வங்கிக் கடனுக்குக் கிடையாது. குழந்தைகள் நல மருத்துவரின் சம்பளம் மற்ற துறைகளைவிடக் குறைவு என்பதால், அவளுக்கு இந்த வேறுபாடு பல ஆண்டு வாழ்க்கையைப் பாதிக்கக்கூடியது. இரு கல்லூரிகளுக்குமான கணக்கை இந்தப் புதிய வரம்பின்படியே போட்டுப் பார்த்தோம். கிர்க்ஸ்வில்லில் வீட்டு வாடகை மிகவும் மலிவு; அது ஓரளவு ஈடுசெய்தது. ஆனால் மிச்சிகன்வாசிக்குரிய கட்டணச் சலுகையை அதனால் ஈடுசெய்ய முடியவில்லை.

"காசுக்காகப் பிள்ளை ஆசைப்பட்டதை விட்டுக்கொடுக்கச் சொல்றியாடா?" என்று அக்கா ஒருநாள் தொலைபேசியில் கேட்டாள். நியாயமான கேள்வி. மிச்சிகன் கல்லூரியின் மருத்துவமனைப் பயிற்சி பலவீனமாக இருந்திருந்தால், கடன் கூடுதலானாலும் கிர்க்ஸ்வில்லுக்கே போகச் சொல்லியிருப்பேன். பயிற்சியும் உறுதியாக இருந்து கடனும் குறையும்போது, தயங்குவதற்குக் காரணம் இல்லை என்று அவளிடம் சொன்னேன். அருகிலேயே இருப்பாள் என்ற மகிழ்ச்சி அக்காவுக்கு இருந்தாலும், அதை நாங்கள் காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவம் படிப்பவளை வீட்டுக்கு வரும் விருந்தினராகத்தான் பார்க்க முடியும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன்.

முடிவை அவளே எடுத்தாள். மிச்சிகனைத் தேர்ந்தெடுத்து முன்பணத்தைக் கட்டினாள். கிர்க்ஸ்வில்லில் இடத்தைத் தக்கவைக்க ஏற்கெனவே கட்டியிருந்த தொகை திரும்ப வராது. ஆஸ்டியோபதிக் கல்லூரிகள் பலவும் இடம் கிடைத்த சில வாரங்களிலேயே ஆயிரம், இரண்டாயிரம் டாலர் என்று இப்படி வசூலிக்கின்றன. பிள்ளைகள் பல இடங்களுக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்கள் இதற்கென்று முன்கூட்டியே ஒரு தொகையை எடுத்துவைப்பது நல்லது. பணம் போகட்டும், இடத்தையாவது கடைசி நாள் வரை பிடித்துவைத்திருக்கலாமே என்று அத்தான் நினைத்தார். அவள் இணங்கவில்லை. மிச்சிகனில் இடம் உறுதியான அன்று மாலையே கிர்க்ஸ்வில்லுக்கு நன்றி தெரிவித்து, இடத்தை விட்டுவிடுவதாக எழுதி அனுப்பிவிட்டாள். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் யாரோ ஒருவர் வேலையை விட்டு, வீடு பார்த்து, கடனுக்கு விண்ணப்பித்து வந்துசேர அவகாசம் வேண்டும் அல்லவா? இரண்டு இடங்களைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோரை நான் கேட்டுக்கொள்வதும் இதுவே. முடிவு செய்த அன்றே மற்ற இடத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள்.